அடுப்படி மண்ணில் கிடக்கும் அரிசிமணி: ஆசியாவின் ஆதிப் பயிர்த்தொழிலை விதைகள் வழியே அறிதல்

மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில், பத்தாங் பெர்ஜுந்தைப் பட்டணத்திலிருந்து (இன்றைய பெஸ்தாரி ஜெயா) சற்று உள்ளே தள்ளியிருக்கும் ஒரு தோட்டத்தில், வெகுகாலமாக ஆள் குடியில்லாமல் கிடந்த பழைய லயம் (தோட்டத் தொழிலாளர் வரிசைக் குடியிருப்பு) ஒன்றைச் சென்ற ஆண்டு இடித்தார்கள். இடிப்பதற்கு முன், கேட்டு அனுமதி பெற்று, பின்கட்டில் விறகடுப்பு இருந்த மூலையிலிருந்து ஒரு வாளி மண்ணை எடுத்துவந்தேன். பள்ளி விடுமுறையில் என்னிடம் அறிவியல் படிக்க வரும் பிள்ளைகள் ஐந்தாறு பேர் சுற்றி நிற்க, பெரிய தொட்டியொன்றில் தண்ணீர் நிரப்பி, அந்த மண்ணைச் சிறிது சிறிதாகத் தூவிக் கையால் மெல்லக் கலக்கினோம். மணலும் கல்லும் அடியில் அமர்ந்தன. தண்ணீரின் மேல் கறுப்பாக ஒரு படலம் மிதந்தது. அதை மெல்லிய துணியில் ஊற்றி வடித்து, நிழலில் உலர்த்தி, மறுநாள் உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ் வைத்துப் பார்த்தோம். கரித்துண்டுகளுக்கு நடுவே எட்டு அரிசிமணிகள் இருந்தன. அவற்றில் ஐந்து உடைந்தவை. பாசிப்பயற்றின் ஒரு பாதியும், எள்ளைவிடச் சிறிய புல்விதைகள் சிலவும், விரல்நகம் அளவுக்கு வளைந்த கெட்டியான ஓட்டுத்துண்டு ஒன்றும் கிடைத்தன. எல்லாமே கருகிக் கரியாகி இருந்தன. அந்த ஓடு எதனுடையது என்று பிள்ளைகளால் அன்று சொல்ல முடியவில்லை. அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

ஆசியாவில் மனிதர்கள் எங்கே, எப்போது, எவ்வாறு பயிர்செய்யத் தொடங்கினார்கள் என்ற கேள்விக்கு விடை தேடுபவர்கள் செய்வதும் அடிப்படையில் இதே வேலைதான். அகழாய்வில் கிடைக்கும் தாவர எச்சங்களைக் கொண்டு பழங்கால மக்களின் உணவையும் உழவையும் அறிய முயலும் இத்துறையைத் தொல்லியல் தாவரவியல் என்று சொல்லலாம். மண்டையோடு, மணிமாலை, வெண்கல வாள் ஆகியவை அருங்காட்சியகக் கண்ணாடிப் பெட்டிக்குள் போகின்றன. இத்துறையினர் தேடுவதோ அடுப்பிலும் குப்பைக்குழியிலும் விழுந்த சிதறல்களை. ஆனால் ஒரு சமூகம் அன்றாடம் எதை உண்டு வாழ்ந்தது என்பதை அந்த வாளைவிட இந்தச் சிதறல்களே தெளிவாகச் சொல்லும் என்பது என் உறுதியான கருத்து.

முதலில், விதை ஏன் கெடாமல் கிடக்கிறது என்பதைப் பார்ப்போம். வெயிலும் மழையும் மாறி மாறி அடிக்கும் நம் மண்ணில் ஒரு நெல்லைப் புதைத்தால் ஒன்று முளைக்கும், இல்லையேல் மட்கிப்போகும். அதே நெல் அடுப்போரத்தில், தணலும் சாம்பலும் மூடிய இடத்தில் விழுந்தால் அதன் கதி வேறு. காற்று தாராளமாகக் கிடைத்தால் அது எரிந்து சாம்பலாகிவிடும். காற்று குறைவாக இருந்து சூடு மட்டும் ஏறினால், உள்ளிருக்கும் நீரும் ஆவியாகக்கூடிய பிற பொருள்களும் வெளியேறி, கரி மிஞ்சும். கரியில் பூஞ்சைக்கும் நுண்ணுயிருக்கும் தீனி இல்லை. ஆகையால் அந்த மணி தன் வடிவத்தையும், முளை இருந்த மூலைப்பள்ளத்தையும், மேல்தோலின் வரிகளையும் விடாமல் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் மண்ணுக்குள் கிடக்கும். வேறு வழிகளிலும் தாவரங்கள் தப்புவதுண்டு. எப்போதும் நீர் தேங்கி நிற்கும் சேற்றில் காற்று புகாததால் இலையும் கொட்டையும்கூட அழுகாமல் இருக்கும். பானை வனைபவர் களிமண்ணோடு உமியைச் சேர்த்துப் பிசைந்தால், அந்த உமியின் அச்சு சுட்ட ஓட்டில் பதிந்துவிடும். இருப்பினும் உலகெங்கும் ஆய்வாளர்கள் பெரிதும் நம்பியிருப்பது கரியான விதைகளைத்தான்.

இந்த விதைகளை முன்பெல்லாம் கண்ணில் பட்டால் பொறுக்கிக்கொள்வார்கள். பார்லியும் பட்டாணியும் கிடைக்கும், தினையும் சாமையும் தவறிப்போகும். 1960களில் நிலைமை மாறியது. கரியான விதை மண்ணைவிட இலேசானது, எனவே நீரில் மிதக்கும் என்ற எளிய உண்மையைப் பயன்படுத்தி மண்ணை மூட்டை மூட்டையாக அலசும் முறை அகழாய்வுக் களங்களில் பரவலாயிற்று. அமெரிக்காவின் இலினாய் மாநிலத்தில் ஆய்வு நடத்திய ஸ்டூவர்ட் ஸ்ட்ரூவர் இதைப் பற்றி 1968இல் வெளியிட்ட கட்டுரைக்குப் பிறகு இம்முறை பலரிடம் சென்று சேர்ந்தது. இப்போது கால் மில்லிமீட்டர் கண் கொண்ட வலையில் மிதப்பதை வடிக்கிறார்கள். அடியில் தங்குவதையும் தனியே சலிக்கிறார்கள், ஏனென்றால் கனத்த கொட்டை ஓடுகள் சில வேளைகளில் மூழ்கிவிடும். எங்கள் தொட்டியும் வேட்டித்துணியும் அந்தக் கருவியின் ஏழை உறவினர்கள். ஆனால் வேலை ஒன்றுதான்.

விதையைக் கண்டெடுப்பது பாதிவேலை. அது எப்படி அங்கே வந்தது என்று கேட்பதில்தான் இத்துறையின் சாரம் இருக்கிறது. பிள்ளைகள் எட்டு மணிகளையும் வெள்ளைத் தாளில் பரப்பி வைத்திருந்தபோது, அதே லயத்தில் பிறந்து வளர்ந்து இப்போது பட்டணத்தில் மகன் வீட்டில் இருக்கும் பாட்டி ஒருவர் வந்தார். கண்ணாடியை வாங்கிச் சிறிது நேரம் பார்த்துவிட்டு, "வாத்தியாரே, இது ஒலையில போட்ட அரிசி இல்ல. கொழிக்கறப்ப ஒதுங்குற நொய்யும் புல்லுவிதையும். கோழிக்குப் போடுவோம், இல்லன்னா கூட்டி அடுப்புல தள்ளிடுவோம்" என்றார்.

ஆய்வாளர்கள் பல ஆண்டுகள் களத்தில் இருந்து கற்றுக்கொண்டதை அவர் நின்ற நிலையில் சொல்லிவிட்டார். 1970களிலும் 80களிலும் கோர்டன் ஹில்மன் துருக்கியின் சிற்றூர்களிலும், கிளினிஸ் ஜோன்ஸ் கிரேக்கத் தீவொன்றிலும் தங்கி, உழவர்கள் தானியத்தை அறுவடையிலிருந்து சமையல் வரை என்னென்ன செய்கிறார்கள் என்று படிப்படியாகக் கவனித்தார்கள். கதிரடித்தல், தூற்றுதல், சலித்தல், புடைத்தல், கொழித்தல், குத்துதல் என்று ஒவ்வொரு படியிலும் ஒரு கழிவு ஒதுங்கும்; ஒவ்வொரு கழிவுக்கும் தனி முகம் உண்டு. தூற்றும்போது பதரும் இலேசான களைவிதைகளும் பறக்கும். குத்தும்போது உமியும் தவிடும் கழியும். முறத்தில் கொழிக்கும்போது நொய்யும், அரிசியோடு எடையொத்த கல்லும் புல்விதையும் ஒதுங்கும். நம் மொழியில் இத்தனை வினைச்சொற்கள் தனித்தனியே இருப்பதை எண்ணிப் பார்த்தால், இந்த வேலைகளின் நுட்பம் எவ்வளவு பழையது என்பது விளங்கும். அகழாய்வுக் குழியில் எந்தக் கழிவு மிகுதியாகக் கிடைக்கிறது என்று பார்த்து, அந்த வீட்டில் எந்தப் படி நடந்தது என்று அறிய முடிகிறது. பெரும்பாலும் நமக்குக் கிடைப்பது சமைத்த உணவு அல்ல. சமைப்பதற்கு முன் ஒதுக்கித் தள்ளப்பட்டது.

எங்கள் வாளி மண்ணில் ஒரு குறையும் இருந்தது. எவ்வளவு தேடியும் ஓர் உமிகூட அகப்படவில்லை. நெல்மணி காம்போடு ஒட்டியிருக்கும் அடிப்பகுதியும் இல்லை. பாட்டியிடம் கேட்டால் காரணம் எளிது. தோட்டத்து மக்கள் நெல் விளைவிக்கவில்லை; ரப்பர் பால் எடுத்துப் பெற்ற கூலியில் கடையில் அரிசி வாங்கினார்கள். குத்தித் தீட்டிய அரிசி மூட்டையாக வந்தது. ஆக, உமி இல்லாத அரிசி ஓர் இடத்தில் மிகுந்து கிடந்தால் அங்கே இருந்தவர்கள் தானியத்தை வெளியிலிருந்து பெற்றிருக்கலாம் என்றும், உமியும் காம்படியும் களைவிதையும் குவிந்து கிடந்தால் வயல் அருகிலேயே இருந்திருக்கும் என்றும் ஆய்வாளர்கள் ஊகிப்பது எதைக் கொண்டு என்பது பிள்ளைகளுக்கு உடனே பிடிபட்டது. அந்தப் புல்விதைகள் அரிசியோடு வந்தவையா, முற்றத்துப் புல்லிலிருந்து உதிர்ந்தவையா என்ற ஐயம் மட்டும் தீரவில்லை; அத்தகைய ஐயத்தை மறைக்காமல் குறித்துவைப்பதும் இத்துறையின் ஒழுங்கு.

நெல் கிடைத்தது என்பதாலேயே பயிர்த்தொழில் இருந்தது என்று சொல்லிவிட முடியாது. காட்டு நெல்லையும் மக்கள் பறித்து உண்டார்கள். இங்கே இரண்டு சொற்களைப் பிரித்துப் புரிந்துகொள்ள வேண்டும். நிலத்தைக் கொத்தி, விதை தூவி, களை பிடுங்குவது மனிதரின் செயல்; அது சாகுபடி. அச்செயலின் விளைவாகப் பல தலைமுறைகளில் செடியின் இயல்பே மாறி, மனிதர் உதவியின்றித் தானே பரவ முடியாத நிலைக்கு வருவது செடியில் நிகழும் மாற்றம். அதை வீட்டுப்பயிராதல் என்று அழைக்கலாம். முதலாவது தொடங்கி நெடுங்காலம் கழிந்த பின்பே இரண்டாவது முற்றுப்பெறும்.

இந்த மாற்றத்தை விளக்க எங்கள் மாநிலத்திலேயே உயிருள்ள எடுத்துக்காட்டு இருக்கிறது. தஞ்சோங் காராங், செகிஞ்சான் பக்கத்து நெல் விவசாயிகளைக் கேட்டால் 'பாடி அங்கின்' என்ற களைநெல்லைப் பற்றிச் சொல்லித் தீராது. மலாய்மொழியில் அதன் பொருள் காற்றுநெல். பார்க்க நெற்பயிர்போலவே வளரும். ஆனால் முற்றியவுடன் காற்று அசைத்தாலே மணிகள் உதிர்ந்து சேற்றில் விழுந்துவிடும், அறுவடைக்கு ஒன்றும் மிஞ்சாது, அடுத்த பருவத்தில் தானே முளைத்து வந்து நிற்கும். காட்டுநெல்லின் இயல்பும் இதுவே. தன் விதையைத் தானே உதிர்த்துப் பரப்பிக்கொள்வது செடிக்கு நல்லது, அறுப்பவருக்கு இழப்பு. காட்டுநெல்லிலும் எப்போதாவது உதிராத மணி கொண்ட செடி பிறக்கும். காட்டில் அதற்கு வாழ்வில்லை. ஆனால் மனிதர் கதிரைத் தாளோடு அறுத்து வீட்டுக்குக் கொண்டுவந்து, அதிலிருந்தே அடுத்த விதைப்புக்கு எடுத்துவைக்கும்போது, உதிர்பவை வழியிலேயே போய்விட, உதிராதவை விதைக்கூடையில் சற்றுக் கூடுதலாகச் சேரும். யாரும் திட்டமிடாமலேயே ஆண்டுதோறும் அந்த விகிதம் ஏறும். முற்றுவதற்கு முன்பே பச்சைக்கதிராக அறுத்தாலோ, கூடையைப் பிடித்துக் கதிரைத் தட்டி உதிர்த்துக்கொண்டாலோ இந்தத் தேர்வு நடக்காது, அல்லது மிக மெதுவாக நடக்கும்.

இதைக் கரித்துண்டில் எப்படிக் காண்பது? மணியின் அடியில், காம்போடு சேரும் இடத்தில், ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத சிறு தழும்பு இருக்கிறது. தானே உதிர்ந்த காட்டுநெல்லில் அந்தத் தழும்பு வழவழப்பாக, வட்டமாக இருக்கும். பழுத்த இலை உதிர்ந்த கணுவைப் பார்த்தவர்களுக்கு அது பழக்கமான தோற்றம். அடித்துப் பிய்த்தெடுத்த பயிர்நெல்லில் அது கிழிந்து, ஒழுங்கற்ற குழியாக இருக்கும். சீனாவின் ஜெஜியாங் மாநிலத்தில், யாங்சி ஆற்றின் கழிமுகப் பகுதியில் தியன்லோஷான் என்ற தொல்லூர் இருக்கிறது. நீர் தேங்கிய மண் என்பதால் தாவரங்கள் வியக்கத்தக்க அளவில் தப்பியிருந்தன. டோரியன் புல்லர், சின் லிங் முதலியோர் அங்கே கிடைத்த நெல்லின் காம்படிகளை உருப்பெருக்கியின் கீழ் ஒவ்வொன்றாக வகைபிரித்து எண்ணினார்கள். 2009இல் வெளிவந்த அவர்களது முடிவின்படி, இன்றைக்கு 6,900 ஆண்டுகளுக்கும் 6,600 ஆண்டுகளுக்கும் இடைப்பட்ட 300 ஆண்டுகளில், உதிராத பயிர்நெல்லின் பங்கு 27 விழுக்காட்டிலிருந்து 39 விழுக்காடாக உயர்ந்தது. அதே காலத்தில் அங்கே கிடைத்த எல்லாத் தாவர எச்சங்களிலும் நெல்லின் பங்கு 8 விழுக்காட்டிலிருந்து 24 விழுக்காடாகக் கூடியது, வயற்களைகளும் பெருகின.

இந்த எண்களைச் சற்று நிறுத்திப் பார்க்க வேண்டும். 300 ஆண்டுகள் என்பது ஏறத்தாழ 12 தலைமுறை. அத்தனை தலைமுறை உழைத்தும் உதிராத நெல் பாதியைக்கூட எட்டவில்லை. அந்த மக்கள் நெல்லோடு கூடவே கருவாலி (ஓக்) மரக் கொட்டைகளையும் நீர்நிலைக் கொட்டைகளையும் பெருமளவில் சேகரித்து உண்டிருக்கிறார்கள். அதே வட்டாரத்தில் ஷாங்ஷான் என்ற இடத்தில், அதற்கும் சில ஆயிரம் ஆண்டுகள் முந்திய பானையோடுகளில் உமி கலந்திருக்கிறது. யாரோ ஒருவர் ஒரு நாள் விதைத்துப் பார்த்தார், மறுநாள் உழவு பிறந்தது என்று நம் பள்ளிப் பாடங்களில் படித்த சித்திரத்துக்கு இங்கே இடமே இல்லை. உழவர் என்றும் சேகரிப்பவர் என்றும் பிரிக்க முடியாத வாழ்க்கையை மக்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் வாழ்ந்திருக்கிறார்கள்.

காலத்தைக் கணிப்பதற்குக் கரியே உதவுகிறது. உயிரோடிருக்கும் செடி காற்றிலிருந்து கார்பனை எடுத்துக்கொள்ளும். அதில் மிகச் சிறு பங்கு கதிரியக்கம் உடைய கார்பன் 14. செடி இறந்தபின் அந்தப் பங்கு 5,730 ஆண்டுகளுக்கு ஒருமுறை பாதியாகும். மீந்திருப்பதை அளந்தால் செடி எப்போது இறந்தது என்பது தெரியும். 1949இல் வில்லார்ட் லிபி இதைச் செய்து காட்டினார். 1960இல் அதற்காக அவருக்கு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. தொடக்கத்தில் ஒரு பிடி கரி தேவைப்பட்டது. பின்னர் வந்த முடுக்கிக் கருவிகளால் ஒரே ஒரு மணியை வைத்தே அளக்க முடிகிறது. இது மிகப் பெரிய மாற்றம். எறும்பு, மண்புழு, வேர் ஆகியவை சிறு விதைகளை மேலிருந்து கீழே இழுத்துச் சென்றுவிடும். பக்கத்தில் கிடந்த கரியின் வயதை விதைக்குச் சூட்டினால் தவறாகிவிடும். தாய்லாந்தின் வடமேற்கில் உள்ள ஆவிக்குகை (ஸ்பிரிட் கேவ்) இதற்குப் பாடமாக அமைந்தது. 1960களில் அங்கே அகழ்ந்த செஸ்டர் கோர்மன், அவரையும் பட்டாணியும் போன்ற எச்சங்களைக் கண்டு, தென்கிழக்காசியாவில் மிகப் பழங்காலத்திலேயே பயிர்த்தொழில் இருந்திருக்கலாம் என்று கருத்துரைத்தார். உலகமே வியந்தது. பின்னர் அந்த விதைகளை மறுபடி ஆராய்ந்தபோது அவை பயிர்கள் என்பதற்குச் சான்று நிற்கவில்லை. குகையின் பானையோடுகளில் ஒட்டியிருந்த பிசினை நேரடியாகக் கணித்தபோது அவையும் ஏறத்தாழ 3,000 ஆண்டுப் பழமையே காட்டின. கோர்மன் நேர்மையான ஆய்வாளர். அன்று இருந்த கருவிகள் அவ்வளவுதான்.

தமிழ் வாசகர்களுக்கு நெருக்கமான செய்திகள் பல இத்துறையில் உண்டு. மத்திய தாய்லாந்தின் நோன் பா வாய் என்ற இடத்தில் கிடைத்த மிகப் பழைய பயிர் நெல் அல்ல, தினை. அந்த மணிகளையே நேரடியாகக் கணித்ததில் கி.மு. 2470க்கும் 2200க்கும் இடைப்பட்ட காலம் கிடைத்தது. அங்கே நெல் வெகுகாலம் கழித்தே வருகிறது. அந்தத் தினை முதன்முதலில் வீட்டுப்பயிரானது வடசீனத்தில். அதே தாய்லாந்தின் கடலோரத்தில், சார்லஸ் ஹையாம் 1985இல் அகழ்ந்த கோக் பனோம் டி என்ற ஊரில், கி.மு. 2000 முதல் 1500 வரை வாழ்ந்த மக்கள் மீனும் நண்டும் பிடித்து உண்டதோடு நெல்லையும் அறுத்தார்கள். கதிர் அறுக்க அவர்கள் பயன்படுத்திய சிப்பி ஓட்டுக் கத்திகள்கூடக் கிடைத்திருக்கின்றன.

தென்னிந்தியாவின் கதை தனி. கர்நாடகத்தின் சங்கனகல்லு, ஹள்ளூர் போன்ற புதிய கற்கால ஊர்களின் மண்ணை மிதக்கவிட்டுப் பார்த்தபோது, அந்த மக்களின் அடிப்படை உணவாக வெளிப்பட்டவை உள்ளூரிலேயே பயிராக்கப்பட்ட இரண்டு சிறுதானியங்களும் இரண்டு பயறுகளும். சிறுதானியங்கள் சாமைக்கும் தினைக்கும் உறவானவை. பயறுகள் கொள்ளும் பாசிப்பயறும். நெல் தெற்கே பரவலானது பின்னர்தான். கம்பும் கேழ்வரகும் ஆப்பிரிக்காவில் பயிராகிக் கடல்வழியாக வந்து சேர்ந்தவை என்பதும் பலருக்கு வியப்பாக இருக்கும். தமிழகத்தில் சிவகளை ஈமத்தாழியில் இருந்த உமி கி.மு. 1155 என்ற காலத்தைக் காட்டியதாக 2021இல் அறிவித்தார்கள். பொருந்தலில் கா. இராசன் அகழ்ந்த ஈமச்சின்னமொன்றில், நான்கு கால் கொண்ட சாடிக்குள் ஏறத்தாழ இரண்டு கிலோ நெல்லே இருந்தது. அதன் காலம் கி.மு. 490.

இந்தப் பயறுகள் வங்கக்கடலைத் தாண்டி வந்ததற்கும் சான்று இருக்கிறது. நம் தீபகற்பத்தின் ஒடுங்கிய வடகழுத்தில், தாய்லாந்தின் சும்போன் மாநிலத்தில், காவோ சாம் கேயோ என்ற பழந்துறைமுகம் கி.மு. 4ஆம் நூற்றாண்டு முதல் 1ஆம் நூற்றாண்டு வரை செழித்திருந்தது. அங்கே அலசிய மண்ணில் கிறிஸ்டினா காஸ்டியோ கண்டெடுத்தவற்றில் கொள்ளும் பாசிப்பயறும் உண்டு. நெல்லோ, மரபணுவைச் சோதித்தபோது, சீனத்து ஜப்பானிகா வகையாக இருந்தது. ஒரே சமையலறைக்குள் கிழக்கிலிருந்து நெல்லும் மேற்கிலிருந்து கொள்ளும் வந்து சேர்ந்திருக்கின்றன. கூடக் கிடைத்த களைவிதைகள் மேட்டுநிலத்துக்கு உரியவை என்பதால், அந்த நெல் நீர் கட்டிய வயலில் அன்றி மழையை நம்பிய மேட்டுக்காட்டில் விளைந்தது என்றும் கணித்தார்கள். கோரை மிகுந்தால் சேற்றுவயல், மேட்டுப்புல் மிகுந்தால் புழுதிக்காடு. வயலே அழிந்துபோன பின்பும் அதன் களை வயலைக் காட்டிக்கொடுக்கிறது. வடகிழக்குத் தாய்லாந்தின் பான் நோன் வாட், நோன் பான் ஜாக் ஆகிய ஊர்களில் இரும்புக்காலத்தின் பிற்பகுதியில் மக்கள் மேட்டுநெல்லை விட்டு நீர்நெல்லுக்கு மாறியதையும் இவ்வாறே அறிந்தார்கள். மழை குறைந்துவந்த காலம் அது. நீரைத் தேக்கிவைக்கும் தேவை எழுந்திருக்கிறது.

இனி இத்துறையின் பெரிய பலவீனத்தைச் சொல்ல வேண்டும். பாட்டி பேச்சினூடே தம் தாயார் சொல்லிக் கேட்டதைச் சொன்னார்: 1941 இறுதி முதல் 1945 வரை, ஜப்பானியர் ஆண்ட காலத்தில் அரிசி வரத்து நின்றுபோக, லயத்தில் எல்லாரும் மரவள்ளிக்கிழங்கைத்தான் அவித்துத் தின்றார்களாம். மூன்றரை ஆண்டுகள் குடும்பங்களை உயிரோடு வைத்திருந்த அந்தக் கிழங்கின் அடையாளம் எங்கள் வாளி மண்ணில் ஒன்றுமில்லை. கிழங்குக்குக் கெட்டியான விதையில்லை, அவிந்தால் குழைந்துவிடும், தோல் மட்கிவிடும். அரிசிமணி எட்டு கிடைத்ததை வைத்து அந்த வீட்டில் எந்நாளும் அரிசியே உண்டார்கள் என்று எழுதினால், அந்த ஆண்டுகளின் பட்டினி வரலாற்றிலிருந்து மறைந்துபோகும். ஈரக்காடுகள் நிறைந்த தென்கிழக்காசியாவில் சேம்பும் வள்ளியும் வாழையும் சவ்வரிசிப் பனையுமே பழைய உணவுகள் என்பதால், விதையை மட்டும் எண்ணும் ஆய்வு இங்கே கண்ணைக் கட்டிக்கொண்டு நடப்பதற்குச் சமம்.

ஆகவே ஆய்வாளர்கள் இன்னும் சிறியவற்றைத் தேடப் பழகினார்கள். லாலாங் புல்லை உருவினால் கை அறுபடும். அதன் இலையோரத்தில் மணலின் மூலப்பொருளான சிலிக்கா படிந்திருக்கிறது. செடிகள் நீரோடு உறிஞ்சும் சிலிக்கா, அவற்றின் உயிரணுக்களுக்குள் உறைந்து, ஒவ்வொரு செடிக்கும் உரிய வடிவில் நுண்கல்லாகிறது. ஃபைட்டோலித் எனப்படும் இந்த நுண்கற்கள் இலை மட்கிய பின்பும் மண்ணில் அப்படியே கிடக்கும். நெல்லிலையில் விசிறி வடிவம். வாழையில் எரிமலை வாய்போன்ற குழி. கிழங்குகளுக்கு மாவுச்சத்து மணிகள் உதவுகின்றன. சேம்பை நறுக்கிய கற்கருவியின் விரிசலுக்குள் அவை ஒளிந்திருக்கும். ஆசியாவின் தென்கிழக்கு விளிம்பைத் தாண்டிய நியூகினியின் மலைநாட்டில் கூக் சதுப்புநிலம் உலகப் பாரம்பரியத் தலமாக 2008இல் ஏற்கப்பட்டதற்கு இத்தகைய சான்றுகளே காரணம். ஜாக் கோல்சன் தொடங்கி டிம் டென்ஹம் தொடர்ந்த ஆய்வில், இன்றைக்கு 7,000 ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைவான காலத்துக்கு முன் அங்கே மேடுகட்டி வாழை வளர்த்தது தெரியவந்தது. நெல்லும் கோதுமையும் இல்லாமலேயே ஓர் உழவு அங்கே சுயமாகத் தோன்றியிருக்கிறது.

நம் நாட்டில், சரவாக்கின் நியா குகையில் கதை இன்னும் பின்னோக்கிப் போகிறது. 2024இல் உலகப் பாரம்பரியத் தலமான அக்குகையின் பல்லாயிரம் ஆண்டுப் பழமையான அடுக்குகளில், கிரீம் பார்க்கரின் குழுவினர் காடோங் என்ற காட்டுவள்ளி, கெப்பாயாங் கொட்டை ஆகியவற்றின் எச்சங்களைக் கண்டார்கள். இரண்டும் அப்படியே தின்றால் ஆளைக் கொல்லக்கூடிய நஞ்சு. நாட்கணக்கில் ஊறவைத்தோ புதைத்தோ நஞ்சை இறக்கத் தெரிந்தவர்களே அவற்றை உண்ண முடியும். பயிர்த்தொழிலுக்கு வெகு முன்பே காட்டைப் பற்றிய ஆழ்ந்த அறிவு இங்கே இருந்தது. அதே சரவாக்கின் குவா சீரே குகையில், ஏறத்தாழ 4,000 ஆண்டுப் பழமையான பானையோட்டுக்குள் நெல் சிக்கியிருந்தது. ஆனால் அந்த நெல் வந்தவுடன் எல்லாரும் நெல்லுக்கு மாறிவிட்டார்கள் என்று எண்ண வேண்டியதில்லை. சவ்வரிசிப் பனையை வெட்டி மாவெடுத்து உண்ணும் மக்கள் சரவாக்கில் இன்றும் இருக்கிறார்கள்.

அந்த ஓட்டுத்துண்டு என்னவென்று மறுவாரம் தெரிந்தது. பிள்ளைகளில் ஒருவன் வரும் வழியில் தோட்டத்துச் சாலையிலிருந்து கைப்பிடி ஓடுகளைப் பொறுக்கிக்கொண்டு வந்தான். ஆலையில் எண்ணெய் எடுத்தபின் மீந்த செம்பனைக் கொட்டை ஓட்டைச் சேறாகாதிருக்கத் தோட்டச் சாலைகளில் கொட்டிப் பரப்புவது வழக்கம். கரியான துண்டையும் புதிய ஓட்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் வளைவும் தடிமனும், உட்புறத்து நார்வரிகளும் ஒன்றாக இருந்தன. மேற்கு ஆப்பிரிக்காவின் கானாவில் 4,000 ஆண்டுகளுக்கு முந்திய ஊர்களிலும் இதே ஓடு கரியாகக் கிடைக்கிறது. அங்கே அது சொந்தமண்ணின் உணவு. இங்கே அது வந்தேறி. மலாயாவில் செம்பனையை வணிகப் பயிராக முதன்முதலில் நட்டது 1917இல், எங்கள் பட்டணத்தை அடுத்த தென்னமரம் தோட்டத்தில், ஆன்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுத் தோட்டக்காரர். எங்கள் பக்கத்தில் அதற்குச் சில ஆண்டுகள் முன்பு அழகுமரமாக நட்டவற்றைக் கணக்கில் சேர்த்தாலும், இந்த ஓடு கிடந்த சாம்பல் அடுக்கு 20ஆம் நூற்றாண்டுக்கு முந்தியதாக இருக்க வழியில்லை. எறும்பு இழுத்துச் செல்லும் அளவில் அது இல்லை. பிள்ளைகள் எட்டு அரிசிமணிகளையும் பயற்றின் பாதியையும் ஒரு தீப்பெட்டியிலும், ஓட்டைத் தனியே இன்னொன்றிலும் போட்டு, எடுத்த இடத்தையும் நாளையும் ஆழத்தையும் மேலே எழுதி ஒட்டினார்கள்.